வடிகஞ்சியும் வைட்டமின் சி-யும்

குன்னூர்க்காரனுக்குச் சத்துணவு விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. ஊட்டிக்கு மலர்க் கண்காட்சி, கோத்தகிரிக்கு இதமான வெயில் என்றால் எங்களுக்கு வைட்டமின். 1918-இல் இங்கே பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் நோண்டத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வகம் ஆனது. 1958-இல் மூட்டை கட்டிக்கொண்டு ஹைதராபாத் போனது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில், யார் எதை எவ்வளவு தின்ன வேண்டும் என்று நாட்டுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்தக் காயில் எந்தச் சத்து எவ்வளவு என்று இங்கே அட்டவணை புரட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த அட்டவணைகளின் பாட்டி குன்னூரில் பிறந்தவள். மக்காரிசனுக்குப் பிறகு வந்த அய்க்ராய்ட் 1937-இல் வெளியிட்ட 23-ஆம் எண் ஹெல்த் புல்லட்டின்தான் அவள்.

இதிலெல்லாம் எனக்கு ஒரு பங்கும் இல்லை. பெருமைப்படுவதற்குப் பங்கு எதற்கு?

மக்காரிசன் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது எலிப் பந்தி. எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, மராட்டியர் சாப்பாடு என்று வரிசையாகப் போட்டு வளர்த்தார். வரிசையின் கடைசியில் வங்காளமும் மதராஸும். எடை போட்டால் சீக்கிய எலி 235 கிராம், மதராஸி எலி 155. கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் ஒரு பக்கம், தீட்டிய அரிசியைக் கழுவிக் கழுவி வடித்த சோறு இன்னொரு பக்கம். இந்தத் தகவலை நான் என் மனைவிக்குச் சொன்ன நேரத்தில் அவள் சோற்றுக்குப் புளிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "அந்த எலிக்குச் சமைச்சது ஆம்பளைங்களா இருக்குமுங்க" என்றாள். குழம்புக் கரண்டி பாதி வழியில் சட்டிக்குத் திரும்பிவிட்டது.

என் மனைவிக்குக் காரமடை. கல்யாணமாகி மலையேறியபோது பழம் என்றால் அவளுக்கு வாழைப்பழம். இன்று எங்கள் வீட்டில் சீசனுக்குச் சீசன் ஸ்குவாஷ் காய்ச்சும் வைபவம் நடக்கிறது. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி முடிந்து, டூரிஸ்ட் வண்டிகள் பர்லியார் வழியாக இறங்கிப் போய், மார்க்கெட்டில் பிளம்ஸ் விலை மனுஷ விலைக்கு வந்ததும் அண்டாக்கள் பரணிலிருந்து இறங்கும். பிளம்ஸ் முடிந்தால் தாட்பூட் பழம். (சூப்பர் மார்க்கெட்டில் பேஷன் ஃப்ரூட் என்று எழுதி நான்கு மடங்கு விலை போடுவார்களே, அதேதான்.) நடுவில் ஆரஞ்சு. பழம் பதப்படுத்தும் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள் அவள். சான்றிதழ் ஹாலில் மாட்டியிருக்கிறது. என் பி.எஸ்ஸி. பட்டம் பீரோவுக்குள் பாலித்தீன் பையில் இருக்கிறது.

இந்தச் சூழ்நிலையில்தான் திருப்பூரிலிருந்து மச்சான் வந்தார். பனியன் தொழில். கையில் எப்போதும் ஒரு செம்புத் தண்ணீர் பாட்டில். தங்கை கொடுத்த ஆரஞ்சு ஸ்குவாஷை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "மாப்ளே, இதுல சக்கரையும் கலரும் விட்டா வேறென்னங்க இருக்குது?" என்றார். கேட்டது என்னை. பார்த்தது தங்கையை. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு குடும்பத் தலைவனுக்கு வாயைத் திறக்க இதைவிடத் தோதான நேரம் வாய்க்காது. "எவ்வளவு வைட்டமின் சி இருக்குதுன்னு நான் அளந்தே காட்டறேன்" என்றேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி படித்தேன். படித்த கையோடு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் சேர்ந்து, செக்ரோல் என்ற ஆள் பதிவேடு எழுதியும் பச்சைத் தேயிலை எடை கூட்டியும் ஓய்வு பெற்றேன். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் கடைசியாக நேர்ந்த நெருக்கம், லேபில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சும்போது ஆக்ஸாலிக் அமிலம் நாக்குக்கு வந்ததுதான். ஆனாலும் டைட்ரேஷன் மறக்குமா? தெரியாத ஒன்றின் அளவை, தெரிந்த ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்டுபிடிக்கும் வித்தை. ஆய்வகங்களில் இதற்கென்று வாய்க்குள் நுழையாத பெயரில் ஒரு நீலச் சாயம் வைத்திருக்கிறார்கள். ஏழைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அயோடின் போதும்.

கணக்கு இவ்வளவுதான். வைட்டமின் சி-யின் ஒரு மூலக்கூறு அயோடினின் ஒரு மூலக்கூறைப் பிடித்து நிறமில்லாததாக ஆக்கிவிடும். சாற்றில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீரைக் கலந்துவிட்டு அயோடினைச் சொட்ட வேண்டும். வைட்டமின் இருக்கும்வரை விழுகிற அயோடின் எல்லாம் காணாமல் போகும். வைட்டமின் தீர்ந்த பிறகு விழுகிற முதல் சொட்டு போக்கிடம் இல்லாமல் கஞ்சியிடம் மாட்டிக்கொண்டு கருநீலமாகும். அதுவரை எத்தனை மில்லி போயிற்றோ, அதில் இருக்கிறது விடை.

மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் கேட்டேன். கடைப்பையன் பொவிடோன் பாட்டிலை நீட்டினான். "அது இல்லப்பா, டிங்சர்." உள்ளேயிருந்த முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எங்கே அடிபட்டுதுங்க?" அடி எதுவும் இல்லை, வைட்டமின் அளக்க என்றேன். அவர் கேட்டதை விட்டுவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று விசாரித்தார். டிங்சர் என்பது நூற்றுக்கு இரண்டு பங்கு அயோடினும் அதைக் கரைய வைக்கப் பொட்டாசியம் அயோடைடும் ஆல்கஹாலும். அதைத் தண்ணீர் சேர்த்துப் பத்து மடங்குக் கரைசலாக்கினேன். பியூரெட்டுக்குப் பதில் ஊசி கழற்றிய சிரிஞ்சு.

கஞ்சிதான் பெரும்பாடு. குன்னூர் ஆறாயிரம் அடி உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் அரிசி வேகும், ஆனால் அவசரப்படாது. ஆகவே மலையில் குக்கர் இல்லாத வீடு கிடையாது. குக்கர் உள்ள வீட்டில் வடிகஞ்சி கிடையாது. தெருவில் நாலு வீடு கேட்டுப் பார்த்தேன். "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று நாலு வீட்டிலும் கேட்டார்கள். கடைசியில் மனைவி, "அரிசிய வச்சுக்கிட்டுக் கஞ்சிக்குத் தெருத்தெருவாப் போற ஆளு நீங்கதானுங்க" என்று சொல்லிவிட்டு, திறந்த பாத்திரத்தில் அரிசியைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு வடித்துக் கொடுத்தாள். ஆவி பறக்கும் கஞ்சியில் ஆசையாக ஒரு சொட்டு அயோடின் விட்டேன். நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ரேஷன் அரிசி மேல் பழி போட்டேன். சட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஆற ஆற அது தானாகவே நீலம் ஏறியது. சூட்டில் இந்த நீலம் நிற்காது, குளிரில்தான் நிற்கும். ஆக, இந்தச் சோதனைக்கு நீலகிரியைவிடப் பொருத்தமான ஜில்லா தமிழ்நாட்டில் இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்தது அளவுகோல். மருந்துக் கடையில் விற்கும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். அதில் 20 மில்லி எடுத்தால் சரியாக 10 மில்லிகிராம். டீ ருசி பார்க்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று எஸ்டேட் ஞாபகார்த்தமாக வீட்டில் உண்டு. அதில் அந்த 20 மில்லியை ஊற்றி, கஞ்சித் தண்ணீர் கலந்து, சிரிஞ்சை அழுத்தினேன். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு மைப்பொட்டு. கிண்ணத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினால் பொட்டு இல்லை. இன்னொரு சொட்டு, இன்னொரு பொட்டு, மறுபடி வெளுப்பு. போகப் போகப் பொட்டு மறைவதற்குச் சோம்பல்படுகிறது. கையும் மெதுவாகிறது, மூச்சும் மெதுவாகிறது. கடைசியில் ஒரே ஒரு சொட்டு, சுழற்றினாலும் போகாமல், கிண்ணம் முழுக்க மங்கலான நீலத்தைப் பரப்பிவிட்டு நின்றது. ஏழு மில்லி சொச்சம். மில்லிக்கு 1.4 மில்லிகிராம் என்று கணக்கு. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்ட பொருள் வேறில்லை.

மார்க்கெட் ஆரஞ்சைப் பிழிந்து பார்த்தேன். 20 மில்லி சாறு நாலு மில்லி சொச்சம் அயோடினை வாங்கிக்கொண்டது. நூறு மில்லிக்கு 30 மில்லிகிராம். ஹைதராபாத் பழைய அட்டவணையிலும் ஆரஞ்சுக்கு 30தான். என் தோள்கள் இரண்டும் கொஞ்சம் அகன்றன.

அகன்ற தோள்களோடு நெல்லிக்காயை எடுத்தேன். அந்தப் பழைய அட்டவணையில் நூறு கிராம் நெல்லிக்காய்க்கு 600 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். 1940 வாக்கில் ஹிசார் பக்கம் பஞ்சத்தில் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி ஜனங்கள் அவதிப்பட்டபோது நெல்லிக்காய்தான் கைகொடுத்தது. இவ்வளவும் தெரிந்தவன் சாற்றைப் பத்து மடங்காவது தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கோ நேரடியாகப் பார்த்துவிட ஆசை. சிரிஞ்சு காலியாயிற்று, நிரப்பினேன். காலியாயிற்று, நிரப்பினேன். கிண்ணம் வழிகிற நிலைக்கு வந்துவிட்டது, நீலத்தைக் காணோம். நெல்லிக்காய் அயோடினைக் குடித்துக்கொண்டே இருந்தது. கரைசல் தீர்ந்து, பாட்டிலில் இருந்த அசல் டிங்சரைத் தொட்ட கட்டத்தில் மனைவி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மறுபடி கடைக்குப் போனேன். முதலாளி இந்த முறை எதுவும் கேட்கவில்லை. பையனை மட்டும் சற்று உள்ளே போகச் சொன்னார்.

பிளம்ஸில் வேறு விதமான சங்கடம். சாறே செக்கச் செவேல். அதில் நீலம் வந்ததா இல்லையா என்று நானும் மனைவியும் கிண்ணத்தின் இரண்டு பக்கமும் நின்று விவாதித்தோம். கண்ணுக்கு எட்டியவரை சொட்டு விட்டதுமே இருண்டுவிட்டது. அட்டவணையைப் பார்த்தால் பிளம்ஸுக்கு 5 மில்லிகிராம்தான். பீச்சுக்கும் அதே ஏழ்மை. பேரிக்காய் இன்னும் மோசம். சிம்ஸ் பூங்காவில் டன் கணக்கில் அடுக்கி வளைவு கட்டி, கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டுகிற எங்கள் மலைப் பழங்களின் யோக்கியதை இது. சமவெளியில் தள்ளுவண்டியில் ஈ மொய்க்கும் கொய்யாவுக்கு 212. முருங்கைக் கீரைக்கு 220. திருப்பூர் மச்சான் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் மானம் காக்க ஆரஞ்சு ஸ்குவாஷ் வந்தது. 20 மில்லி அளந்து கிண்ணத்தில் ஊற்றி, சொட்ட ஆரம்பித்தேன். நாலு மில்லி தாண்டியது. எட்டு தாண்டியது. பன்னிரண்டில்தான் நீலம் நின்றது. கணக்குப் போட்டால் நூறு மில்லிக்கு 84 மில்லிகிராம்! மரத்திலிருந்து வந்த ஆரஞ்சைவிட, அதைப் பிழிந்து சர்க்கரைப் பாகில் கலந்து பாட்டிலில் அடைத்ததில் ஏறக்குறைய மூன்று மடங்கு சத்து. விஞ்ஞானி என்றால் இந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கியிருப்பார். நான் கணவன். கணினியில் அழகாக லேபிள் அடித்து, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டினேன். அக்கம்பக்கம் கொடுத்தனுப்பினோம். மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "தங்கச்சி கைராசி" என்று பதில் வந்தது. அளந்தவன் கை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோயம்புத்தூரில் உணவு அறிவியல் படிக்கும் மகள் சனிக்கிழமை வந்தாள். லேபிளைப் படித்தாள். "அம்மா, இதுல கே.எம்.எஸ். போட்டீங்களா?"

"போடாம? வகுப்புல சொன்ன அளவு."

மகள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் இதற்கு முன்னால் ஆடிட்டரிடம் பார்த்திருக்கிறேன். "அப்பா, நீங்க அளந்தது வைட்டமின் இல்லப்பா. கந்தகம்."

கே.எம்.எஸ். என்பது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். ஸ்குவாஷ் புளித்துப் பொங்காமல் இருக்கப் போடுகிற உப்பு. புளிப்பான சாற்றில் விழுந்ததும் கந்தக டைஆக்சைடை விடும். அதுவும் வைட்டமின் சி மாதிரியே அயோடினை ஆசையோடு பிடிக்கும். அயோடினுக்கு ஆள் அடையாளம் தெரியாது, யார் கை நீட்டினாலும் போய்விடும். நெல்லிக்காயில் இருக்கிற துவர்ப்பும் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கும் என்றாள். கந்தகத்திலோ அநியாயம் அதிகம். 176 கிராம் வைட்டமின் சி குடிக்கிற அயோடினை வெறும் 64 கிராம் கந்தக டைஆக்சைடு குடித்துவிடும். ஸ்குவாஷில் அது 350 பி.பி.எம். வரை இருக்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அவ்வளவும் அயோடின் கையில் சிக்கினால், பழமே இல்லாத சர்க்கரைத் தண்ணீர்கூட என் கிண்ணத்தில் நூறு மில்லிக்கு 96 மில்லிகிராம் வைட்டமின் காட்டும்.

இதற்குப் பரிகாரமும் அவளிடமே இருந்தது. அலமாரியிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பாட்டிலை எடுத்து வந்து கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினாள். அசிட்டோன் சல்ஃபைட்டைக் கட்டிப்போட்டுவிடுமாம், வைட்டமினைத் தொடாதாம். இப்போது சொட்டச் சொன்னாள். ஒரு மில்லியில் நீலம் வந்து நின்றுவிட்டது. நூறு மில்லிக்கு 7 மில்லிகிராம். ஸ்குவாஷில் கால் பங்கு சாறு என்றால் நியாயமான எண்தான். அதிலும் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்துதானே குடிக்கிறோம்? ஒரு பெரிய டம்ளருக்கு மூன்றரை மில்லிகிராம் தேறும். எங்கள் ஊரிலிருந்து ஹைதராபாத் போன நிறுவனம் ஆம்பளைக்கு நாளொன்றுக்கு 80 வேண்டும் என்கிறது. இருபத்து மூன்று டம்ளர். அந்தச் சர்க்கரைக்குப் பிறகு அடுத்த டைட்ரேஷன் என் ரத்தத்துக்குத்தான்.

எலிக்கு இந்தக் கவலை கிடையாது. அது தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப்பன்றிக்கும் அந்த வசதி இல்லை. அதனால்தான் ஸ்கர்வி ஆராய்ச்சிக்கு மக்காரிசன் கினிப்பன்றிகளை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சீசனிலும் முதல் பாட்டிலை என் மனைவி முதலில் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் அதே வழக்கம்தான் போலிருக்கிறது.

எனக்கிருந்த ஒரே ஆறுதல் மச்சானின் செம்பு பாட்டில். அதில் அவர் எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்து நாள் முழுக்க உறிஞ்சுவார், உடம்புக்கு நல்லதாம். செம்பு பட்டால் வைட்டமின் சி காற்றோடு சேர்ந்து விறுவிறுவென்று அழிந்துபோகும். போதாததற்குப் புளிப்பில் செம்பும் கரையும். அடுத்த முறை வந்தபோது அவர் எதிரிலேயே, காலையில் பிழிந்த சாற்றையும் பாட்டிலில் ராத்திரி முழுக்க இருந்த சாற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் சொட்டிக் காட்டினேன். பாட்டில் சாறு சீக்கிரமே நீலமாகிவிட்டது. அவர் அசரவில்லை. "சீக்கிரம் நீலம் வந்துச்சுன்னா அதுதானுங்க சக்தி ஜாஸ்தி?" என்று கேட்டுவிட்டுப் பாட்டிலை மூடிக்கொண்டார்.

மேஜை விரிப்பில் அயோடின் கறை, என் விரல்களிலும் கறை. மிச்சமிருந்த வைட்டமின் மாத்திரையை நனைத்துத் தேய்த்ததும் விரிப்பு பளிச்சென்று வெளுத்தது. "இதுக்காவது ஆச்சு" என்றாள் மனைவி. சிரிஞ்சையும் கிண்ணத்தையும் பரணில் ஏற்றப்போனேன். அப்போதுதான் அவள் மகளிடம் கேட்டாள்: "ஏங்கண்ணு, அப்பா அளந்தது கே.எம்.எஸ்.ஸுன்னா, அது சரியா விழுந்துருக்கா, கூடிப்போச்சான்னு இதுலயே பாத்துக்கலாமில்ல?"

பார்த்துக்கொள்ளலாமாம். ஒயின் தயாரிக்கிறவர்கள் கந்தகத்தை அளக்க நெடுங்காலமாகச் செய்துவருவதே இந்த அயோடின் சொட்டுதானாம். கே.எம்.எஸ். குறைந்தால் ராத்திரியில் மூடி தெறிக்கும். கூடினால் குடிக்கும்போது மூக்கைச் சுருக்கென்று குத்தும். இரண்டும் எங்கள் தெருவில் நடந்ததுண்டு. ஆகவே இப்போது தெருவில் யார் வீட்டில் ஸ்குவாஷ் காய்ச்சினாலும் ஒரு சின்ன பாட்டில் எங்கள் வீட்டுக்கு வருகிறது. கஞ்சி வடித்து ஆற வைத்திருக்கிறது. நான் சொட்டி, இத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன், செக்ரோல் எழுதிய அதே கையெழுத்தில். அதைப் பார்த்துப் போதும், போதாது என்று தீர்ப்பு சொல்வது அவள்.

பிளம்ஸ் ஸ்குவாஷ் மட்டும் என் அதிகார எல்லைக்கு வெளியே. கந்தகம் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும் என்பதால் அதற்கு சோடியம் பென்சோயேட் போடுகிறார்கள். அயோடின் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்தப் பாட்டில்களை மச்சான் வரும்போது அவருக்கு ஊற்றிக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.